தொள்ளாயிரம் அடிக்குக் கீழே மணி அடிக்கிறது

நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். வரிசை மாறினால் எதிராளி இடுக்கில் புகுந்து தப்பித்துவிடுவான். மறியலில் மண்டை உடைந்தும் மனு எழுதி விரல் தேய்ந்தும் நான் கற்ற பாடம் அது.

முதலாவது, ஆற்றங்கரையில் நிலம் வாங்கிய சாயப்பட்டறைக்காரர்கள் ஏரியைப்போலக் கிணறு வெட்டி இரவு பகலாக உறிஞ்சியதில், கருக்கம்வலசின் கிணறுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணை மூடின. இரண்டாவது, தண்ணீர் போன ஊரில் ஏறுவதற்கு ஆளில்லை என்று சொல்லிக் காலையில் வந்துகொண்டிருந்த ஒரே பஸ்ஸையும் நிறுத்தினார்கள். மூன்றாவது, மளிகைக்கடை வாசலில் இருந்த ஒரு ரூபாய் போன் பெட்டியை, இனி எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது என்று காரணம் காட்டிப் பிடுங்கிப்போனார்கள். பள்ளத்தில் கிடக்கும் எங்கள் ஊருக்கு டவர் எட்டாது, ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் கரட்டின் உச்சிக்கு ஏற வேண்டும் என்று நான் எழுதிய மனுவுக்கு இன்றுவரை பதில் இல்லை. நான்காவது, பக்கத்து ஊரில் தண்ணீர் வராததால் மூடாமலே விட்ட போர்க்குழியில் ஒரு பெண்குழந்தை விழுந்து செத்தது. நாங்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து அடி வாங்கித்தான் அப்படிப்பட்ட குழிகளை மூடச் சொல்லும் உத்தரவை வாங்கினோம்.

ஐந்தாவது அநியாயம் லக்முவுக்கு நடந்தது.

அவன் பெயர் லக்மு என்பதும் போயாம் என்பது அவன் குடும்பப்பெயர் என்பதும் அப்போது எங்களுக்குத் தெரியாது. பொங்கியண்ணன் காட்டில், உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவன் நின்ற இடத்தில் எலுமிச்சம்பழம் வெட்டி வைத்துவிட்டுப் போர் போட்டபோது, ரிக் வண்டியோடு வந்த ஆறேழு வடக்கத்திப் பையன்களில் அவனும் ஒருவன். இரும்பு ராடுகளைத் தூக்கிக் கொடுக்கிற வேலை என்பதால் மேஸ்திரி அவனை 'டேய் ராடு' என்று கூப்பிட்டான், நாங்களும் அதையே பெயரென்று எடுத்துக்கொண்டோம். இருபது வயது இருக்கும். அவனுக்கு எங்கள் பேச்சு தெரியாது, ஆனால் அவன் போனுக்குத் தெரியும். அதனிடம் அவன் ஏதோ முணுமுணுப்பான், அது பட்டணத்துப் பெண்ணின் குரலில், 'ஐயா, குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா' என்று கேட்கும். அவனுடைய ஆதார் அட்டையின் படம் அதற்குள் இருந்தது, சம்பளம் அதற்குள் வந்தது, ஊருக்குத் திரும்புகிற ரயில் டிக்கெட் அதற்குள் வரும், கோபம் வந்தால் கேட்கிற பாட்டும் தூக்கம் வராவிட்டால் பார்க்கிற பசுமாட்டின் படமும் அதற்குள் இருந்தன. சாயங்காலமானால் அதைத் தூக்கிக்கொண்டு கரட்டின் மேல் ஏறி அவன் அம்மாவிடம் பேசுவான். வேற்றூரில் பிழைக்க வந்தவனுக்கு வீடென்று ஒன்று இருந்தால் அது அவன் சட்டைப்பையில் இருந்தது.

தொள்ளாயிரம் அடி போயும் புகைமாதிரி மண்தான் வந்தது. ராடுகளை வெளியே எடுக்கும்போது பிடி நழுவி ஒரு ராடு சரிந்து அவன் வலது காலின் மேல் விழுந்தது. அவன் குனிந்து சுருண்டதில் சட்டைப்பையிலிருந்த போன் நேராகக் குழிக்குள் இறங்கியது. கால் முறிந்த வலியில் கத்தாதவன் போன் விழுந்ததற்குக் கத்தினான். மேஸ்திரி அவனை ஒரு சரக்கு வண்டியில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, ரோட்டோரம் அடிபட்டுக் கிடந்தவன் என்று சொல்லிவிட்டு, விடிவதற்குள் ரிக்கோடு அடுத்த மாவட்டத்துக்குப் போய்விட்டான்.

நான் கரட்டின் மேலேறிக் கம்பெனிக்குப் பேசினேன்.

"அப்பிடி ஆளே எங்க வண்டியில இல்லீங்களே," என்றது எதிர்முனை. "பேர் என்னுங்க?"

பெயர் எனக்குத் தெரியவில்லை. பெயர் தெரியாத ஆளுக்காக நியாயம் கேட்க முடியாது என்பதைக் கம்பெனிக்காரன் அறிந்திருந்தான்.

பொங்கியண்ணனும் நானும் போய், தொடைவரை மாவுக்கட்டுப் போட்டிருந்தவனை டெம்போவில் படுக்கவைத்துக் கொண்டுவந்தோம். பொங்கியண்ணனின் மோட்டார் ரூமில் கட்டில் போட்டோம். வழியெல்லாம் பொங்கியண்ணன் என்னைக் கிண்டல் செய்துகொண்டே வந்தான்.

"ஏனுங் தோழர், இந்தி எழுத்து மேல தார் பூசுன கையி, இன்னைக்கு இந்திக்காரனத் தாங்கிப் புடிச்சிட்டு வருது?"

"இந்தி வேண்டாம்னுதாண்டா சொன்னோம். இந்திக்காரன் ரோட்டுல கெடக்கட்டும்னு ஒரு நோட்டீசுலயும் அச்சடிக்கல," என்றேன்.

அவன் பேசியது இந்தியே அல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. அவர்கள் மலையில் பேசுவது கோண்டி. அதில் கண் கண்தான், கை கைதான், பால் பால்தான். எங்களுடையதைப்போலவே பெரிய பாஷைக்காரன் மிதித்த பாஷை. இது தெரிந்த அன்று நான் அவனுக்கு என் செலவில் ஒரு டீ அதிகமாக வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த நாள் ஆடு மேய்க்கப் போன பொங்கியண்ணன் மனைவி மயிலாத்தாள், குழியின்மேல் வைத்திருந்த பலகைக்கல்லுக்கு அடியிலிருந்து மணி அடிப்பதைக் கேட்டாள். அது அடித்து ஓய்ந்து, தானாகவே எடுத்துக்கொண்டது. கல்லை நகர்த்தியதும், பக்கத்து அடுப்படியிலிருந்து வருவதுபோலத் தெளிவாக ஒரு பொம்பளைக் குரல் மேலே வந்தது. டவர் எட்டாத ஊரில் தொள்ளாயிரம் அடிக்குக் கீழே எப்படி எட்டியது என்று பிற்பாடு கேட்ட யாரும், ஊருக்கு மேலே ஏன் எட்டவில்லை என்று ஒருநாளும் கேட்டவர்கள் அல்ல. ஆகவே நாங்கள் அவர்களுக்குப் பதில் சொல்லவில்லை.

மயிலாத்தாள் பயப்படவில்லை. பூமிக்குள்ளிருந்து பெண்குரல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். பூசாரி ரங்கானுக்குச் சொல்லியனுப்பினாள். அவன் ஈர வேட்டியோடு வந்து கற்பூரம் ஏற்றி, "ஆத்தா, என்ன குறை வெச்சோம்? கெடா வேணுமா? சேலை வேணுமா? வாயத் தொறந்து கேளு ஆத்தா," என்று குழிக்குள் குரல் கொடுத்தான். ஆத்தாள் கேட்ட பாஷை யாருக்கும் புரியாததால், வடக்கே இருந்து வந்த ஆத்தாளாக இருக்கும், அந்தப் பையனைக் கொண்டுவாருங்கள் என்று ஒருவர் சொல்ல, கட்டிலோடு லக்முவைத் தூக்கிவந்தார்கள்.

குரலைக் கேட்டதும் அவன் முகம் போன போக்கைப் பார்த்துப் பூசாரி கற்பூரத்தட்டைக் கீழே வைத்துவிட்டான்.

"என்னடா கேக்கறா ஆத்தா?"

போன் போனதோடு அவன் தமிழும் போய்விட்டது; தண்ணி, அண்ணா, ஏத்து, இறக்கு, போதும், சாப்பாடு என்று ஏழெட்டுச் சொற்கள்தான் மிச்சம். அவற்றைப் பொறுக்கிச் சேர்த்து அவன் சொன்னான்.

"அம்மா. என் அம்மா. சாப்பாடு... லக்மு சாப்பாடு... கேக்குது."

பூசாரி எழுந்து நின்று, தெய்வவாக்குச் சொல்லும் அதே குரலில் அறிவித்தான்: "பையன் சாப்புட்டானான்னு ஆத்தா கேக்கறா!"

அன்றிலிருந்து கருக்கம்வலசில் வீட்டுக்கு ஒரு நாள் முறைவைத்து அவனுக்குச் சோறு போனது. வறுமைப்பட்ட ஊர், ஆனால் கேட்டது யார் என்பது முக்கியம்.

மாடு திரும்புகிற வேளையில் தினமும் மணி அடிக்கும். அங்கே ஒரு மலையில், ஒரு பாறையின்மேல் நின்றால்தான் அவளுக்கு டவர் கிடைக்குமாம். எழுத்து எண் தெரியாதவள், மகன் பழக்கிக் கொடுத்தபடி ஒரு பட்டனை நெடுநேரம் அழுத்துவாளாம், அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த போன். எங்கள் பெண்கள் முறத்தையும் பூக்கூடையையும் எடுத்துக்கொண்டு குழியைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். அவள் சொல்லச் சொல்ல லக்மு கைகளாலும் கூடிவந்த தமிழாலும் சொல்வான்: செவலை மாடு கன்று போட்டிருக்கிறது, இலுப்பைப்பூ கொட்டத் தொடங்கிவிட்டது, வேலியோரப் புளியமரத்தைக் கொழுந்தன் தன்னுடையது என்கிறான். ஒரு வாரத்துக்குள் அந்தப் புளியமரத்தால் ஊர் இரண்டுபட்டது. கொழுந்தன் பக்கமும் நியாயம் இருக்கும் என்று சொன்ன மளிகைக்கடைக்காரருக்கு மயிலாத்தாள் மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை. மகன்கள் துபாயிலும் பெங்களூரிலும் இருக்க, வாரக்கணக்கில் போன் வராத கிழவர்களும் வந்து ஓரமாகக் குந்தியிருப்பார்கள். பாஷை புரியாவிட்டாலும் ஒரு தாய் பிள்ளையை விசாரிக்கிற சத்தத்தைக் கேட்டுவிட்டு எழுந்துபோவார்கள். பூசாரி உண்டியல் வைக்கப் பார்த்தான். நான் விடவில்லை. தாயின் குரலுக்குக் கட்டணம் வசூலிக்கிற வேலையைப் போன் கம்பெனிக்காரனே செய்துகொள்வான், நமக்கெதற்கு என்றேன்.

எல்லாம் சரி, ஒன்றே ஒன்று சரியில்லை. அவள் பேசுவது மேலே வந்தது. நாங்கள் பேசுவது கீழே போகவில்லை.

"சாப்புட்டானுங்க அம்மிணி, ரெண்டு களியுருண்டை போட்டேன்," என்று மயிலாத்தாள் தினமும் குழிக்குள் பதில் சொல்வாள். லக்மு நெஞ்சு கிழியக் கத்துவான். அவளோ எதுவும் கேட்காதவளாக, ஏன் பேசமாட்டேன் என்கிறாய், உன் மூச்சாவது கேட்கும்படி விடேன் என்று கெஞ்சிவிட்டு வைப்பாள். மாரியம்மன் நோம்பிக்கு வந்த மைக்செட் ஸ்பீக்கரைக் குழிவாயில் கவிழ்த்துப் பார்த்தோம். அது எங்கள் பக்கமே ஊளையிட்டது. பறையடித்துப் பார்த்தோம். வேறு போனிலிருந்து கூப்பிட அவள் எண் அவனுக்குத் தெரியாது. மனப்பாடமாக எண் வைத்திருக்கிற காலம் போய்விட்டது, அது அவனுக்கு எண்ணல்ல, ஒரு முகம், தொட்டால் பேசும். அவன் ஊர்ப் பெயரில் அவனுடைய மாநிலத்தில் ஏழெட்டு ஊர்கள் இருந்தன. எல்லாவற்றுக்கும் கடிதம் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

இலுப்பைப்பூ தீர்ந்துவிட்டது என்று அவள் சொன்ன சாயங்காலம், லக்மு எங்களுக்கு எதையும் சொல்லாமல் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். மயிலாத்தாள் போய் அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"என்ன அப்புனு, என்ன சொன்னா? புளியமரம் போயிருச்சா?"

"மரம் இல்ல அக்கா." அவன் தமிழ் அதற்குள் நன்றாகத் தேறியிருந்தது. "நாளை மறுநாள் கல்லு வெக்கிறாங்க. எனக்கு."

அவர்கள் குன்றில் வெளியூர் போனவனின் குரல் ஒரு பருவம் முழுக்க வராவிட்டால் அவனைச் செத்தவனாகக் கொள்வார்களாம். ஊர் கூடி நிற்க, மூத்தவர் ஒருவர் அவன் பெயரை மூன்று முறை கூப்பிடுவார். மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் கல்லை நட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு அவனே நேரில் வந்து நின்றாலும் அவனுக்கு அந்த ஊரில் அடுப்பு கிடையாது, அம்மாவும் கிடையாது. செத்தவன் திரும்பி வந்தால் அவனைப் பேரிட்டுக் கூப்பிட அங்கே யாருக்கும் வாய் வராது.

"உசுரோட இருக்கறன்னு அம்மாக்குத் தெரிஞ்சா போதும்," என்றான் லக்மு. "கால் சரியானதும் நானே போயிடுவேன். நடந்துகூடப் போவேன்."

அதே வாரத்தில்தான் எங்கள் மனு பலித்தது. மறியலில் வாங்கிய உத்தரவு ஒருவழியாக எங்கள் ஊருக்கு வந்து, தண்ணீர் வராத குழிகளுக்குக் கான்கிரீட் மூடி போட நாள் குறித்தார்கள். பொங்கியண்ணன் காட்டுக் குழிக்கு மே ஒன்றாம் தேதி, கல் நடுகிற அதே நாள். ஊர் என் முகத்தைப் பார்த்தது. வாழ்நாளில் முதல்முறையாக நான் கேட்டதைக் கொடுக்க வருகிறார்கள், அதை எப்படி வேண்டாமென்பேன்? குழிக்குப் பக்கத்தில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். செத்துப்போன குழந்தையின் தகப்பன் இன்னும் பிணத்தைத் தூக்கிய கையை நீட்டியபடியேதான் நடக்கிறான். மூடத்தான் வேண்டும்.

மே தினத்தன்று கிராம சபைக் கூட்டம் எல்லா ஊரிலும் நடக்கும். எங்கள் ஊரில் அது பெரும்பாலும் கையெழுத்தோடு முடிந்துவிடும். அன்று நான் ஊராட்சிச் செயலர் கலாமணியைக் கூட்டிவந்து, கூட்டத்தைக் குழிவாயில் வைக்கச் சொன்னேன். மூடியை ஏற்றிய வண்டியும் அதிகாரியும் வந்து சேர்ந்தார்கள். அதிகாரி நல்ல மனிதர், வியர்வையைத் துடைத்தபடி நிழலைத் தேடினார்.

"மூடறது நீங்க கேட்டதுதானுங்க பெரியவரே?"

"நான் கேட்டதுதான். ஒரு தீர்மானம் இருக்குது. அது முடிஞ்சதும் நானே மூடியத் தூக்க வர்றேன்."

கலாமணி நான் எழுதிக் கொடுத்த தாளைப் படித்துவிட்டுத் தயங்கினாள். "தோழர், இது செல்லாதுங்க. கிராம சபையில ஊர்க்காரங்களப் பத்தித்தான் தீர்மானம் போட முடியும். இவரு நம்மூரு இல்லையே?"

"ஏ அம்மிணி," என்றாள் மயிலாத்தாள். "அவங்கம்மா எங்க காட்டு மண்ணுக்குள்ள இருந்து பேசறா. அவன் காலு எங்க காட்டுலதான் ஒடஞ்சுது. ஊர்க்காரனாகறதுக்கு இன்னும் என்னத்த ஒடைக்கோணும்?"

"கம்பெனிக்காரன் இப்பிடி ஒரு ஆளே இல்லேங்கறான்," என்றேன் நான். "அங்க அவங்க ஊரு இன்னைக்குச் செத்துட்டான்னு சொல்லப்போகுது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு மனுசன் கட்டில்ல உக்காந்து நம்மளப் பாத்துட்டு இருக்கறான். அவன் இருக்கறான்னு சொல்ல ஒரு சபை வேணும். செல்லுமா செல்லாதாங்கறத அப்பறம் கோர்ட்டுல பாத்துக்கலாம்."

அதிகாரி தாளை வாங்கிப் பார்த்தார். பெரிதாக ஒன்றுமில்லை, மூன்றே வரி. "வாசிங்கம்மா," என்றார். "நானும் சாட்சி நிக்கறேன்."

அப்போது மணி அடித்தது.

அன்று அவள் குரல் மட்டும் வரவில்லை. கீழேயிருந்து ஒரு கூட்டத்தின் இரைச்சல் வந்தது, மத்தளம் வந்தது, கல்லை உருட்டுகிற சத்தம் வந்தது. போனை அவள் கையில் பிடித்தபடியே நிற்கிறாள் என்று லக்மு சொன்னான். பிறகு எல்லாம் ஓய்ந்து, ஒரு கிழவரின் குரல் நீளமாக, ஒவ்வொரு எழுத்தும் தனியாக நிற்கும்படி, அவன் பெயரைக் கூப்பிட்டது. லக்மு கட்டிலிலிருந்து கீழே விழுந்து, மாவுக்கட்டை இழுத்துக்கொண்டு குழிவாய்க்குத் தவழ்ந்துபோய்க் கத்தினான். அங்கே காத்திருந்தார்கள். யாரோ ஒரு பெண் அழத் தொடங்கினாள். கிழவர் இரண்டாவது முறை கூப்பிட்டார். லக்மு குரலடைத்து மண்ணில் முகத்தை வைத்துவிட்டான்.

தனியாள் சத்தம் ஆழத்துக்குப் போகாது. ஐம்பது வருடமாக நான் வாசல்களில் நின்று கத்தியவன், எனக்குத் தெரியும். ஒருத்தர் சொல்ல வேண்டும், ஊர் திருப்பிச் சொல்ல வேண்டும், அப்போதுதான் அது சொல்லாக இல்லாமல் கல்லாக இறங்கும்.

"கலாமணி, வாசி. நிறுத்தி நிறுத்தி வாசி. எல்லாரும் திருப்பிச் சொல்லுங்க!"

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, குழிவாயில் பதித்திருந்த இரும்புக் குழாயின் விளிம்பில் மண்டியிட்டாள். துபாய்ப் பிள்ளைகளின் அப்பன்கள் எழுந்து நின்றார்கள். பூசாரி நின்றான், பொங்கியண்ணன் நின்றான், மளிகைக்கடைக்காரர் மயிலாத்தாளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார், வண்டியிலிருந்து மூடியை இறக்க வந்த ஆட்களும் கைகளைத் தட்டிவிட்டு வட்டத்தில் சேர்ந்துகொண்டார்கள்.

"கருக்கம்வலசு கிராம சபை," என்று கலாமணி வாசித்தாள்.

"கருக்கம்வலசு கிராம சபை," என்றது ஊர். குழாய் அதிர்ந்தது.

"இங்கே கூடியுள்ள அனைவரையும் சாட்சி வைத்துச் சொல்கிறது."

ஊர் சொன்னது.

"கோசி அம்மாளின் மகன், எங்களோடு, உயிரோடு இருக்கிறான். அவன் பெயர்..."

அந்தப் பெயரை அவள் வாசித்தாள். வாழ்நாளில் ஒரு கோஷத்துக்கும் வாய் திறக்காதவர்கள்கூட வாய் திறந்து அதைத் திருப்பிச் சொன்னார்கள். அது குழிக்குள் இறங்கியது. பாறையைத் தாண்டி, புகைமண்ணைத் தாண்டி, இன்னும் கீழே இறங்குவதை நாங்கள் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தோம்.

கிழவர் மூன்றாவது முறை கூப்பிடவில்லை. அழுகை நின்றிருந்தது. பிறகு அவள் குரல் வந்தது, ஆனால் அது எங்களை நோக்கியோ மகனை நோக்கியோ இல்லை; போனிலிருந்து முகத்தைத் திருப்பி, கல்லைச் சுற்றி நின்ற தன் ஊராரைப் பார்த்து, அவர்கள் எல்லாரும் கேட்கும்படி, நிதானமாக அவள் மகனைப் பேரிட்டுச் சொன்னாள்:

"லக்மு போயாம்."